நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ஒரே டிக்கெட்டில் சினிமாவும் மேடை நிகழ்ச்சியுமா?

ஆமாம், 1979 வரை அப்படித்தான். 1932 டிசம்பர் 27-ல் திறந்தபோது வெறும் மேடை நிகழ்ச்சி அரங்கம்தான், ஆனால் அது எடுபடவில்லை, இரண்டே வாரத்தில் படமும் சேர்ந்துகொண்டது. படம் முடிந்ததும் நடனம், இசை, அப்புறம் மறுபடி படம். கிட்டத்தட்ட 6,000 இருக்கை, நிரப்ப வேண்டாமா?

எனக்குப் பிடித்தது மேடைதான்: அது மூன்று துண்டு, ஒவ்வொன்றும் ஹைட்ராலிக் லிஃப்டில் தனியாக ஏறி இறங்கும், வாத்தியக் குழுவுக்கும் தனி லிஃப்ட் உண்டு.

1933-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் காட்சி இன்றும் நடக்கிறது. அதில் மரப்பொம்மைச் சிப்பாய் வேடத்தில் ‘ராக்கெட்ஸ்’ (Rockettes) என்ற நடனக் குழுப் பெண்கள் வரிசையாக நிற்க, பீரங்கி வெடித்ததும் ஒருவர்மேல் ஒருவராக மெதுவாகச் சாய்வார்கள்; அந்த மெதுவில்தான் முழு வித்தையும்.