கமர்கட்டுக் கணக்கு

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. சொந்தமாக ஒரு 10 சக்கர லாரி வைத்து வடக்கே லைன் ஓட்டுகிறார். 4 வருஷமாகச் சர்க்கரை. போன ஆவணியிலிருந்து இன்சுலின் ஊசியும் சேர்ந்துவிட்டது. சாப்பாடு தள்ளிப்போனால் வேர்த்துக் கொட்டி, கண்ணை இருட்டிக்கொண்டு வருமாம். அதனால் வண்டி ஏறும்போது சட்டைப் பையில் 6 கமர்கட்டு போட்டு அனுப்புவேன். திரும்பி வந்து சட்டையைத் துவைக்க எடுக்கும்போது எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொள்வேன். ஹெவி லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "இந்த நிலையில் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன், 3 மாதம் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆளைப் பார்க்காமலே 500 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கித் தருகிற ஏஜென்ட் ஒருவரைத் தெரியும் என்கிறான் என் தம்பி. வண்டிக்கு இன்னும் 14 ட்யூ பாக்கி. தையில் பெண்ணுக்குக் கல்யாணம். டிப்ளமோ முடித்த பையன் வீட்டில்தான் இருக்கிறான். கல்யாணம் முடிந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிடுவதாக இவர் சத்தியம் செய்திருக்கிறார். அந்தச் சான்றிதழை வாங்கினால் பிற்பாடு லைசென்ஸுக்குச் சிக்கல் வருமா?

– பெயர் வேண்டாம், திருச்செங்கோடு பக்கம்

பதில்: அம்மணி, ஏஜென்ட் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கமர்கட்டு.

போட்டு அனுப்புகிறீர்கள், சரி. திரும்பி வந்ததும் எண்ணுகிறீர்களே, அது எதற்கு? போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் லைசென்ஸுக்குத் தாவிவிட்டீர்கள். எத்தனை மிச்சம் இருந்தது என்று மட்டும் எழுதவில்லை. ஆறும் அப்படியே திரும்பி வந்திருந்தால் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருப்பீர்கள்.

லாரிக்காரர் வீடுகளிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கில்லை. பார்வை மங்கியதை மறைத்தவர், வலிப்பை மறைத்தவர், நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டே குஜராத் வரை போய் வந்தவர். எல்லாக் கடிதத்திலும் "சிக்கல் வருமா" என்ற இதே கேள்விதான். யார் மேலாவது ஏறிவிடுமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கமர்கட்டு என்பது வெல்லப்பாகும் தேங்காயும். கல் மாதிரி இருக்கும், கடித்தால் பல் போகும், அடக்கினால் கரைய நேரமாகும். போதாததற்குத் தேங்காயின் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டவருக்கு உடனே வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், தண்ணீரில் கலக்கி. 15 நிமிஷம் கழித்து மறுபடி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்னால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் ஓரங்கட்டுகிறாரா, ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டைப் பையைத் துழாவுகிறாரா? மூளைக்குச் சர்க்கரை குறையும்போது முதலில் போவது இந்த மாதிரி முடிவெடுக்கிற புத்திதான். "எனக்கு ஒண்ணுமில்லை" என்று குழறிக்கொண்டே ஓட்டுவார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டரைத் தாண்டிவிடும். லோடோடு 28 டன். வடக்கே போய்த் திரும்புகிறவர் தொப்பூர் இறக்கத்தில்தான் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கே பிரேக் பிடிக்காமல் போய் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இறக்கத்தில் 10 நொடி கண்ணை இருட்டினால் முன்னால் போகிற காரில் இருப்பது யாரோ ஒருவருடைய பெண். அவளுக்கும் தையில் கல்யாணமாக இருக்கலாம்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். லாரிக்காரர் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பது படிவம் 1ஏ, டாக்டர் தருகிற சான்றிதழ். "விண்ணப்பதாரரை நானே நேரில் பரிசோதித்தேன்" என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடுகிற காகிதம் அது. அதோடு போகிற படிவம் 1-ல் உங்கள் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட வேண்டும். அதில் முதல் கேள்வியே, வலிப்போ, எந்தக் காரணத்தினாலாவது திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருவதுண்டா என்பது. எந்தக் காரணத்தினாலாவது என்று கேட்டிருக்கிறது, கவனியுங்கள். அதற்கு அவர் "இல்லை" என்று எழுதப் போகிறார். நீங்கள் துவைக்கிற கல்லண்டை நின்று "உண்டு" என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

லாரிக்கு எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, காட்டுகிற நாளில் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயின்ட் அடித்து, லைட் மாற்றி, ரிஃப்ளெக்டர் ஒட்டி, வழுக்கை டயரைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கொண்டுபோய் நிறுத்துவீர்கள். இரும்புக்கு அவ்வளவு மரியாதை. அதை ஓட்டுகிற மனுஷனுக்கு எஃப்.சி. 500 ரூபாய், அதுவும் ஆளைப் பார்க்காமலே!

உங்கள் கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவு. தனக்கு நோய் இருப்பதும் அதனால் பொதுமக்களுக்கு ஆபத்து என்பதும் தெரிந்தே ஓட்டுவது குற்றம். அபராதம் முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 2,000. இவ்வளவுதானா என்று மூச்சு விடாதீர்கள். அந்தப் பிரிவில் எடை கூடிய சொல் "தெரிந்தே" என்பது. விபத்தில் உயிர் போனால் அலட்சிய மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106-ல் வழக்கு வரும், 5 வருஷம் வரை. ஆபத்து என்று தெரிந்தே ஓட்டினார் என்று ஆனால் அதைவிடக் கடுமையான பிரிவுக்குப் போலீஸ் போகலாம். சட்டைப் பையில் 5 கமர்கட்டும் தின்ற ஒன்றைச் சுற்றியிருந்த தாளும் இருந்தால், தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்?

பொய்ச் சான்றிதழில் வாங்கிய லைசென்ஸை 19-வது பிரிவில் ரத்து செய்யலாம், இத்தனை நாள் ஓட்டவே கூடாது என்றும் தடுக்கலாம். தடை இருக்கும்போது ஓட்டினால் 10,000 அபராதம் அல்லது 3 மாதம் ஜெயில். இன்சூரன்ஸ் இதைவிட மோசம். லைசென்ஸ் செல்லாது என்று ஆனால், பாதிக்கப்பட்டவருக்கு கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவு போடுவதுண்டு. வேறு முதலாளி என்றால், டிரைவர் காட்டிய லைசென்ஸை நம்பினேன் என்றாவது சொல்வார். உங்கள் வீட்டில் முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள். யார் யாரை ஏமாற்றினார் என்று சொல்வீர்கள்?

தம்பி அடுத்து இன்னொரு யோசனை கொண்டு வருவான், அதையும் இப்போதே அடைத்துவிடுகிறேன். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் 40 வயது தாண்டியவர் கார் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் மருத்துவச் சான்று வேண்டும், 186-வது பிரிவும் எந்த வண்டிக்கும் பொருந்தும். சின்ன வண்டியில் வந்தால் மயக்கம் சின்னதாக வராது.

உங்கள் டாக்டர் "மாட்டேன்" என்றாரே, அவர் காலில் விழ வேண்டும் நீங்கள். 3 மாதம் என்று அவர் சும்மா சொல்லவில்லை. ஹெச்பிஏ1சி என்கிற பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய 3 மாதச் சராசரி. அதற்குள் ஊசியின் அளவை மாற்றிப் பார்க்கலாம், சர்க்கரையை அவ்வளவு கீழே இறக்காத மருந்துக்கு மாற முடியுமா என்று பார்க்கலாம், சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரலாம். இன்சுலின் போடுகிறவர் எல்லாருமே வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிக்கடி சர்க்கரை இறங்கிப் போகிறவர் வண்டியை விட்டு இறங்கத்தான் வேண்டும். லைசென்ஸ் காலாவதியானாலும் ஒரு வருஷத்துக்குள் புதுப்பித்துவிடலாம், மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. பிடிபட்டால் ஓட்டியதற்கு 5,000.

பணத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். கல்யாணத்தைச் சின்னதாகச் செய்யுங்கள். பெண்ணைப் பெற்றவர் உயிரைப் பணயம் வைத்துத்தான் பெண்ணுக்கு நகை போட வேண்டும் என்று எந்தச் சாமி கேட்டது? மாப்பிள்ளை வீட்டாரிடம் "சம்பந்திக்கு உடம்பு சரியில்லை, சொன்னதில் பாதிதான் முடியும்" என்று இப்போதே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வீடு, நாளைக்கு உங்கள் பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனாலும் சுளிக்கும். தையில் தெரிவதைவிட இப்போது தெரிந்துகொள்வது நல்லது. தை முடிந்ததும் நிறுத்துகிறேன் என்கிற சத்தியமும் வேண்டாம். அதற்குள் எத்தனை நடை இருக்கிறது என்று எண்ணுங்கள், எண்ணுவதில்தான் கெட்டிக்காரர் ஆயிற்றே நீங்கள். தைக்குப் பிறகு வளைகாப்பு வரும், அப்புறம் பேரனுக்குக் காது குத்து.

வண்டிக்குச் சம்பள டிரைவர் போடுங்கள். படியும் சம்பளமும் போக மிச்சம் குறையும், ட்யூ இழுக்கும். ஃபைனான்ஸ்காரரிடம் போய் முன்கூட்டியே பேசினால் தவணையைத் தள்ளிப் போட ஏதாவது வழி சொல்வார்கள். 2 ட்யூ நின்ற பிறகு போனால் வண்டியைத்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் லோடு பிடிப்பதையும் புக்கிங் ஆபீஸ் பேச்சையும் பார்க்கட்டும். இத்தனை வருஷப் பழக்கம் வீண் போகாது. டிப்ளமோ முடித்த பையன் வீட்டில் இருக்கிறான் என்று, என்னவோ வெயில் அடிக்கிறது என்பது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்பன் மயக்கத்தோடு வண்டி ஓட்டுகிற வீட்டில் அவனுக்கு வீட்டில் இருக்க என்ன உரிமை? வண்டிக் கணக்கு, ஃபாஸ்டேக், இ-வே பில் எல்லாம் இந்த வாரமே அவன் கைக்குப் போகட்டும். அப்புறம் அரசின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் இவர் பதிவு செய்திருக்கிறாரா? பெண் கல்யாணத்துக்கு அதில் உதவித்தொகை உண்டு. அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அவர் கோபப்படுவார். "என்னை வீட்டில் உட்கார வைக்கப் பார்க்கிறாயா" என்பார். நியாயம்தான், 20 வயதில் ஏறிய சீட்டாக இருக்கும். புருஷன் ரகசியத்தைக் காப்பது பெண்டாட்டியின் கடமை என்று உங்களை வளர்த்திருப்பார்கள், என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் உயிர் இதில் இருக்கும்போது அது குடும்ப ரகசியமே இல்லை.

தம்பியிடம் 500 ரூபாயைக் கொடுக்காதீர்கள், குளுக்கோமீட்டர் பட்டை வாங்குங்கள். இந்த நடை முடிந்து வந்ததும் சட்டையைத் துவைக்காமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள், உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. மேசை மேல் மிச்சக் கமர்கட்டை வையுங்கள். ஆவணியிலிருந்து எந்தெந்த நடைக்கு எத்தனை போட்டீர்கள், எத்தனை திரும்பி வந்தன என்று ஒரு தாளில் எழுதி, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள்.