தெரியாமல் குடித்த மூன்று கிளாஸ் ஒயின்

கேள்வி: எனக்கு வயது 28. ஏழு வாரக் கர்ப்பம். அது தெரிவதற்கு முன், தோழியின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரண்டு இரவுகளில் மூன்று கிளாஸ் ஒயின் குடித்தேன். அப்புறம் தொடவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, கலைத்துவிடலாமா என்று தூக்கமே இல்லை. டாக்டரிடம் சொன்னால் மாமியார் காதுக்குப் போய்விடும். கணவரோ, ‘அளவாக ஒயின் குடித்தால் ரத்தம் ஊறும்’ என்கிறார்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அந்த மூன்று கிளாஸுக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை அம்மா. கர்ப்பம் தெரியும் முன் கொஞ்சம் குடித்து, தெரிந்ததும் நிறுத்திவிட்டால் பாதிப்புக்கான வாய்ப்பு குறைவு. ‘ஒன்றுமே ஆகாது’ என்று யாராலும் எழுதித் தர முடியாது. ஆனால் நிறுத்திவிட்டீர்கள் பாருங்கள், குழந்தைக்கு அதுதான் பெரிய காவல்.

உங்கள் கணவர் சொல்வது தவறு. ரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும், ஒயின் அல்ல. நீங்கள் குடிப்பது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். அதை உடைத்து வெளியேற்ற உங்களுக்குக் கல்லீரல் இருக்கிறது, குழந்தையின் கல்லீரலோ இன்னும் முற்றவில்லை. பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தங்கும், அந்த நீரைத்தான் குழந்தை விழுங்கிக்கொண்டிருக்கும். ஒயின், பீர் என்றால் பரவாயில்லை என்பதும் பொய். 330 மி.லி. பீர், 150 மி.லி. ஒயின், 45 மி.லி. விஸ்கி மூன்றிலும் இருக்கும் ஆல்கஹால் ஏறக்குறைய ஒரே அளவுதான். மூளை பிரசவம் வரை வளர்கிறது, அதனால் பயமில்லாத மாதம் என்று ஒன்றும் கிடையாது.

1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள், மிக அதிகமாகக் குடித்த தாய்மார்களின் குழந்தைகளிடம் சிறிய கண்கள், மெலிந்த மேலுதடு, குன்றிய வளர்ச்சி இருப்பதை எழுதினார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பல குழந்தைகளுக்கு முகத்தில் எதுவும் தெரியாது. பள்ளிக்குப் போனபின் கவனம் நிற்காது, கணக்கு ஏறாது. அந்தப் பிள்ளைகள் ‘மக்கு’, ‘அடங்காதவன்’ என்று அடி வாங்குவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, டாக்டர் விஷயம். கட்டாயம் சொல்லுங்கள். மாமியார் கூட வந்தாலும், ‘தனியாகப் பேச வேண்டும்’ என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது அவர் கடமை. என்று குடித்தீர்கள், எவ்வளவு என்று சொன்னால் போதும். ஃபோலிக் அமில மாத்திரையை விடாதீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வீட்டில் தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து கொடுப்பார்கள். அரிஷ்டங்களில் புளிப்பதால் உண்டாகும் ஆல்கஹால் உண்டு, அது தாய்ப்பாலிலும் கலக்கும். அதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால், தானாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவரின் உதவியோடு நிறுத்துங்கள்.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பிரசவம் வரை வீட்டுக்குள் பாட்டில் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவருடையது.