கிரில் சாவி எங்கே தொங்குகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "டவுனில் எங்களுக்கு ஒரு பழைய இரண்டு மாடிக் கடைவீடு. கீழே மளிகைக் கடை நடத்துகிறோம். மேலே, தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. திருட்டுப் பயத்தில் எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். நாங்களும் பின்னால் தகரம் இறக்கி ஸ்டோர் கட்டியிருக்கிறோம். தீயணைப்புத் துறையான பொம்பாவிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமா? ஏதாவது ஆனால் பொறுப்பு எங்களுக்கா, அவர்களுக்கா?"

சான்றிதழ் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1988 ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தீயணைப்புச் சான்றிதழை எல்லாக் கட்டடத்துக்கும் கேட்பதில்லை. ஹோட்டல், மருத்துவமனை, பெரிய தொழிற்சாலை என்று, பயன்பாட்டையும் அளவையும் பார்த்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கீழே சின்னக் கடை, மேலே ஒரு குடும்பம் என்றால் பொதுவாக அதில் வராது. நாளைக்கே மாடியை அறை அறையாகத் தடுத்து வேலையாட்களைத் தங்க வைத்தால் கதை வேறு. அப்போது பொம்பாவிடமும் நகராண்மைக் கழகத்திடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். அந்த ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர் தொழிலாளர் இலாகாவில் தங்குமிடச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

சான்றிதழ் வேண்டாம் என்பதால் சட்டம் நம்மைத் தொடாது என்று நினைத்துவிடாதீர்கள். அதே சட்டம் 'தீ அபாயம்' என்று ஒன்றை வரையறுக்கிறது. அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்றித் தப்பிக்கும் வழியைக் கடினமாக்குவது அதில் வரும். தீப்பிடிக்கும் வாய்ப்பையோ உயிருக்கு ஆபத்தையோ கூட்டும் எதுவும் வரும். அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க பொம்பாவுக்கு அதிகாரம் உண்டு. உரிமையாளருக்கும் கொடுக்கலாம், குடியிருப்பவருக்கும் கொடுக்கலாம். அலட்சியப்படுத்தினால் நீதிமன்றம் வரை போகும். ஆகவே பொறுப்பு இரண்டு பேருக்கும்தான்.

ஆனாலும் உங்கள் பங்கு பெரிது என்றே சொல்வேன். பழைய கடைவீட்டில் பெரும்பாலும் மாடிக்கு ஒரே மரப்படிதான். தீ கீழே கடையில் பிடித்தால் புகை அந்தப் படி வழியாகத்தான் புகைபோக்கியில் ஏறுவதுபோல மேலே ஏறும். தூங்குகிறவர்களைத் தீக்கு முன்னால் அந்தப் புகைதான் மயக்கிப் போடும். எரிவது உங்கள் சரக்கு, சிக்கிக்கொள்வது அவர்கள் பிள்ளைகள். படிக்குக் கீழே எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, கேஸ் தோம்பு (சிலிண்டர்) என்று எது இருந்தாலும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கிரில். அதைக் கழற்றச் சொல்லவில்லை, திருட்டுப் பயம் நியாயமானது. ஆனால் மேலே ஒரு ஜன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சாலைப் பக்கத்து ஜன்னல் என்றால் நல்லது, பொம்பா ஏணி வைக்க வசதி. அதன் சாவி ஜன்னல் பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும், வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில். அப்பா தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் சாவிக்கொத்து புகையில் யாருக்கும் உதவாது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தேடவும் நேரம் இருக்காது. திறக்கும் கிரில் மாட்டும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், கட்டடம் உங்களுடையது.

பின்பக்க ஸ்டோருக்கு அனுமதி எடுத்தீர்களா? 1974 ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, கட்டடத்தை நீட்ட ஊராட்சி மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். உங்கள் ஊருக்கு அது குவாலா கங்சார் நகராண்மைக் கழகம். தகரம் பின்சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிரித்துவிடுவதே சரி. முன்பக்கம் எரியும்போது தப்பிக்கவும், பொம்பா உள்ளே வரவும் அந்தச் சந்துதான் வழி. உங்கள் வரிசையில் இடைச்சுவர் கூரைவரை போகாமல் சீலிங்கோடு நின்றிருந்தால் தீ கூரைக்கு அடியிலேயே அடுத்த கடைக்கு ஓடிவிடும். ஏணி போட்டு ஒருதரம் பாருங்கள்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு போதும். ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் ஒன்றே 2,000 வாட்டைத் தாண்டும். அதே எக்ஸ்டென்ஷனில் ரைஸ் குக்கரையும் சேர்த்தால் வயர் சூடாகும். கடை ஃப்ரீசரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடக்கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். வால்வை மூடி, கதவைத் திறந்து வையுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். சாமி மேடைக்குப் பக்கத்தில் திரைச்சீலை வேண்டாம். விளக்கை ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும் பழக்கமும் வேண்டாம்.

படி முடியும் இடத்துச் சீலிங்கில் பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்று மாட்டுங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் கடையில் ஒன்று, மேலே ஒன்று. அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில். வாங்கும்போது தரச்சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரையையும் பொம்பா முத்திரையையும் பாருங்கள். தீ சிறியதாக இல்லை என்றால் அணைக்க முயலாமல் வெளியே வந்து 999 அழையுங்கள்.

இந்த வாரமே ஓர் இரவு குடியிருப்பவர்களிடம் சொல்லிவிட்டு மேலே போங்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளில் பெரியவரை இருட்டிலேயே கிரிலைத் திறக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சாவி இருக்கும் இடத்தை மாற்றி மறுபடியும் திறக்கச் சொல்லுங்கள்.