ஓடைக் கரையில் கசிவு: உடைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: ஊத்தங்கரை அருகே எங்கள் நிலத்தின் வழியாகப் போகும் ஓடையில், முப்பது ஆண்டுகளுக்கு முன் அப்பா மண்கரை போட்டுத் தண்ணீர் தேக்கினார். உயரம் 12 அடி. 2024 புயல் மழைக்குப் பிறகு கரையின் அடிவாரம் கசிகிறது. கீழே நான்கு வீடுகள் உள்ளன. கரை உடைந்தால் நான் பொறுப்பா? மேல்முனையில் கோரை மண்டி நாரைகள் வருகின்றன. அதைப் பொக்லைன் வைத்து வாரிவிடலாமா?

பதில்: அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 உங்களுக்குப் பொருந்தாது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டருக்குள் நீளம், கொள்ளளவு போன்ற சில வரம்புகளை எட்டுபவையும்தான் அதில் வரும். கிருஷ்ணகிரி அணை வரும், உங்கள் கரை வராது. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

சென்னை மாகாணத்தில் ஒரு ஜமீனின் ஏரிகள் மழையில் உடைந்து ரயில்வே பாலங்களை அடித்துச் சென்றன. ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. தண்ணீரைத் தேக்கியவன் தவறே செய்யாவிட்டாலும் உடைப்புக்கு அவனே பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868இல் தீர்ப்பாகியிருந்தது. ஆனால் 1874இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கும் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) அதை இங்கே பொருத்த மறுத்தது. ஏரிகளைப் பேணுவது இந்த நாட்டில் ஜமீனின் வழிவழிக் கடமை, ஆகவே கவனக்குறைவு இருந்தால் மட்டுமே பொறுப்பு என்றது. உங்கள் கரை வழிவழி வந்ததல்ல, சொந்த வசதிக்குப் போட்டது. அந்த நிழல்கூட உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது. அதைவிட முக்கியம், நீங்கள் கசிவைப் பார்த்துவிட்டீர்கள். எனக்கு எழுதியும்விட்டீர்கள். இனி “தெரியாது” என்று சொல்ல வழியில்லை.

முதலில் புல வரைபடத்தைப் பாருங்கள். அந்த ஓடை புறம்போக்கு என்று இருந்தால் கரை நிற்கும் இடமே அரசுடையது. அதை உயர்த்துவதோ இடிப்பதோ உங்கள் விருப்பப்படி நடக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கசிவு. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீர் ஒரே அளவில் வந்தால் அவசரமில்லை, கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கிளம்புகிறது என்று பொருள். சிறு வாய்க்கால் வெட்டி நீரை ஒரு குடத்தில் பிடியுங்கள். நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை நோட்டில் குறியுங்கள், அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து. நீர்மட்டம் ஏறாமலே குடம் சீக்கிரம் நிறைந்தால் ஆபத்து. கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள், நம்மவர்கள் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். அடைபட்ட நீர் கரைக்குள் ஏறி வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். மணல், அதன்மேல் பொடிக்கல், அதன்மேல் பெரிய கல் என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கும். கலங்கல் கண்ட அன்றே நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்குங்கள். ஒரே மூச்சில் வடித்தால் உட்சரிவு சரியும். கீழ்வீட்டாருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

குளம் நிறைந்ததும் மிகைநீர் வெளியேறும் கோடியையும் பாருங்கள் (தெற்கே இதைக் கலிங்கு, மறுகால் என்பார்கள்). கூடுதல் நீருக்கு ஆசைப்பட்டு அதில் மணல் மூட்டை அடுக்கியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தண்ணீர் கோடி வழியே போகாமல் கரைமேல் ஏறினால், மண்கரை நிற்காது. கரையில் மரம் இருந்தால் வெட்டிய பின் வேரை விட்டுவிடாதீர்கள், மக்கிய வேர் நீருக்குக் குழாய்போல் ஆகிவிடும். குளம் வற்றியதும் தோண்டியெடுத்து, குழியை மண்ணிட்டு இறுக்குங்கள்.

கோரை இருக்கட்டும். ஓடை அடித்துவரும் வண்டலை அதுதான் வாயிலேயே நிறுத்துகிறது, இல்லாவிட்டால் குளம் இன்னும் வேகமாகத் தூர்ந்திருக்கும். ஈரநில விதிகள், 2017 பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை விட்டுவிடுகின்றன. ஆனால் நாரையின் கூட்டையும் முட்டையையும் வனவிலங்குச் சட்டம் காக்கிறது. தூர் வாரியே ஆகவேண்டுமென்றால் கூடு இல்லாத கோடையில், நடுக்குளத்தில் மட்டும், கரையின் அடியிலிருந்து நன்றாகத் தள்ளித் தோண்டுங்கள்.