உயில், நாமினி, மைனர் பிள்ளைகள்: கேள்வி பதில்

தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களுக்கான பதில்கள் இவை. கிறிஸ்தவ, முஸ்லிம் வாரிசுரிமை வேறு. அந்தக் கேள்விகளை இங்கே எடுக்கவில்லை.

ஈரோடு: வீடு என் சம்பாத்தியம், என் பேரில். மனைவி, 6 வயசு மகள், 3 வயசு மகன், என் அப்பா அம்மா இருக்காங்க. உயில் இல்லைன்னாலும் எல்லாம் மனைவிக்குத்தானே போகும்?

போகாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் உங்கள் மனைவி, மகள், மகன், அம்மா. நாலு பேருக்கும் கால் கால் பங்கு. அப்பாவுக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. அவர் இரண்டாம் வகுப்பு. ஆனால் நாளை அம்மா உயில் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கு அப்பாவுக்கும், உங்களுக்கு அண்ணன் தங்கை இருந்தால் அவர்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் சிதறும். உங்கள் மனைவி குடியிருக்கும் வீட்டில் நாத்தனாரும் பங்காளி.

இதைவிடப் பெரிய சிக்கல் பிள்ளைகளின் பாதி. மைனர் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, பெற்ற தாயே ஆனாலும், முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பிள்ளைகளின் பணத்தை 18 வயது வரை வங்கி டெபாசிட்டில் போடச் சொல்வதே வழக்கம்.

ஆகவே உயில் எழுதுங்கள். ‘என் மனைவிக்கு முழு உரிமையுடன், அவர் எனக்கு முன் காலமானால் பிள்ளைகளுக்குச் சம பாகம்’ என்று இருக்கட்டும். பத்திரம் எழுதுபவர் பழக்கத்தில் ‘ஆயுள்பரியந்தம் அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள்’ என்று சேர்ப்பார். அந்த ஒரு வரியால் மனைவிக்கு விற்கும் உரிமை போய்விடும். கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

தாம்பரம்: உயிலுக்கு எவ்வளவு ரூபாய் முத்திரைத்தாள்? பதிவு கட்டாயமா?

முத்திரைத்தாளே வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. கட்டாயமானது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் படிக்கத் தேவையில்லை. பதிவான உயிலானாலும் வழக்கு வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது கூண்டேற வேண்டும். அதனால் உங்களைவிட இளையவர்களாக, சொத்து பெறாதவர்களாகப் பாருங்கள்.

மதுரை: பேங்க்ல மனைவிதான் நாமினி. உயில் எதுக்கு?

நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, உரிமையாளர் அல்ல. கம்பெனி ஷேர்களுக்கும் அதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் துணைவர், பிள்ளை, பெற்றோர் நாமினியானால் பணம் அவர்களுக்கே என்று இருக்கிறது. அதிலும் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை.

சேலம்: கோர்ட் அனுமதின்னு பயமுறுத்தாதீங்க சார். அம்மா கார்டியனா கையெழுத்துப் போட்டு எத்தனையோ பத்திரம் பதிவாகுது.

பதிவாகும். பதிவானதாலேயே செல்லும் என்று யார் சொன்னது? அந்த விற்பனையை மைனர் ரத்து செய்யக் கேட்கலாம். 18 முடிந்து 3 வருடம் அவகாசம், அதாவது 21 வரை. ஈரோட்டுக்காரரின் 3 வயதுப் பையனுக்கு இன்னும் 18 வருடம் கத்தி தொங்கும். வங்கி தன் வக்கீலின் லீகல் ஒப்பீனியனில் இதைப் பார்த்ததும் வாங்குபவருக்கான கடனை நிறுத்திவிடும்.

சேலம்: பிள்ளை படிப்புக்குத்தானே விக்கிறாங்க?

அது அனுமதி கேட்க நல்ல காரணம். அனுமதிக்குப் பதில் அல்ல.

திருப்பூர்: சேலம்காரர் சொல்றது ஒரு வகையில சரி. கூட்டுக்குடும்பச் சொத்துன்னா கர்த்தா, அதாவது குடும்பத் தலைவர், வித்தா போதும், மைனருக்குக் கோர்ட் வேண்டாம்னு தீர்ப்பே இருக்கே?

இருக்கிறது, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பிரியாத கூட்டுக்குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பங்குக்கு, கோர்ட் அனுமதி கேட்கும் சட்டப் பிரிவு பொருந்தாது என்கிறது. ஆனால் சுயசம்பாத்தியம் செய்த அப்பா இறந்து வாரிசுகளுக்கு வந்தது கூட்டுக்குடும்பச் சொத்தே அல்ல. அவரவர் தனிப் பங்கு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பத்திரங்கள் கோர்ட்டுக்கு வருகின்றன. சேலத்தார் கேட்டது இரண்டாவது வகை.

சேலம்: அப்ப வாங்கினவன் கதி?

சொன்னேனே, மைனருக்கு 21 ஆகும் வரை காத்திருப்பதுதான்.

நெல்லை: இந்தத் தலைவலியே வேண்டாம்னு இப்பவே குழந்தைங்க பேருக்கு செட்டில்மென்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை மாத்திக் கொடுக்கிற பத்திரம்) எழுதிடலாமா?

செலவு குறைவுதான்: குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000. ஆனால் எழுதிய மறுநாளே அது மைனர் சொத்து. அவசரத்துக்கு விற்க நீங்களே கோர்ட்டுக்குப் போக வேண்டும். வேண்டாம்.

கோவை: ரெண்டு பேரும் ஒரே விபத்தில் போயிட்டா குழந்தையை யார் வளர்ப்பா?

முக்கியமான கேள்வி, இத்தனை பேரில் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். அப்பா உயிலில் நியமிக்கும் கார்டியன், அம்மா உயிரோடிருந்தால் செல்லாது. எனவே இருவரும் தனித்தனி உயில் எழுதி, இரண்டிலும் ஒரே ஆளையும் ஒரே மாற்று ஆளையும் குறிப்பிடுங்கள். அவர்களிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். வளர்ப்பவரும் பணத்தைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம். பல குடும்பங்களில் அதுவே பாதுகாப்பு.

விழுப்புரம்: கடன் நிறைய இருக்கு. காப்பீட்டுப் பணம் கடன்காரனுக்குப் போயிடுமா?

1874 மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால் மனைவி, பிள்ளைகளுக்கான டிரஸ்டாகிவிடும். கடன்காரர் தொட முடியாது, கடனை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் ஒழிய. விண்ணப்பிக்கும்போதே அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். ஓடுகிற பாலிசியை இதற்கு மாற்ற முடியாது.

கடலூர்: பேங்க்ல நாமினி போட்டா போதும்தானே?

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.