விரல் மடக்க முடியவில்லை, டாக்டர் இரண்டு ஆபரேஷன் என்கிறார். ஒரே தடவையில் முடிக்க முடியாதா?

நானும் இதையேதான் கேட்டேன். கண்ணாடி டம்ளருக்குள் கையை விட்டுக் கழுவும்போது அது உடைந்து, வலது மோதிர விரலின் அடியில் வெட்டியது. பக்கத்துக் கிளினிக்கில் தோலைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். விரலை மடக்கிக் காட்டச் சொல்லவே இல்லை. காயம் ஆறியது, விரல் மட்டும் நீட்டினபடியே நின்றது. கை அறுவை நிபுணரிடம் போவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

இதை 'நரம்பு அறுந்துவிட்டது' என்றே எல்லோரும் சொல்கிறோம். அறுந்தது தசைநாண். முன்கைத் தசை இழுப்பதை விரலுக்குக் கொண்டுபோகும் கயிறு அது.

உடனே போயிருந்தால் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். நாளானால் தசை சுருங்கிவிடும், தசைநாண் ஓடும் குழாயும் தழும்பேறி அடைந்துவிடும். குழாய் நன்றாக இருந்து, மூட்டும் இறுகாமல் இருந்தால் ஒரே ஆபரேஷனில் மாற்றுத் தசைநாண் வைப்பதுண்டு. உங்கள் டாக்டரிடம் அதைக் கேளுங்கள். தழும்புக்குள் வைத்தால் புதியதும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் முதலில் தழும்பை நீக்கி ஒரு சிலிக்கான் கம்பி வைக்கிறார்கள். 1971இல் ஹன்டர், சாலிஸ்பரி என்ற இரண்டு அறுவை நிபுணர்கள் விவரித்த முறை. தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையங்கள் சிதைந்திருந்தால் அவற்றையும் அப்போதே கட்டிவிடுவார்கள். கம்பியைச் சுற்றி உடம்பே வழுவழுப்பாக ஓர் உறையை வளர்த்துக்கொள்ளும். அதற்குச் சுமார் மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் ஓய்வு என்று நினைத்தேன். பிசியோதெரபிஸ்ட் விடவில்லை. தினமும் இடது கையால் அந்த விரலை மடக்கி மடக்கி விட வேண்டும். மூட்டு இறுகினால் அடுத்த ஆபரேஷன் வீண்.

இரண்டாவது, பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரிதான். கம்பியின் முனையில் புதுத் தசைநாணைத் தைத்து இழுத்தால் கம்பி வெளியே வரும், தசைநாண் உள்ளே போகும். எனக்கு மணிக்கட்டிலிருந்து எடுத்தார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட்டபடி மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் துருத்துமே, அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது (என் தம்பிக்கு இல்லை). அப்போது காலிலிருந்து எடுப்பார்கள்.

அப்புறம் ஆறு வாரம் ஸ்பிளின்ட், மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக்கூடாது. இப்போது பைக் பிரேக் பிடிக்கிறேன், சோறு பிசைகிறேன். விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு விரற்கடை பாக்கி.