உப்புக்காற்று வீட்டுக்கு எத்தனை சாமான் போதும்?

கேள்வி: மண்டபம் பக்கம் வேதாளையில் புது வீடு கட்டியிருக்கிறோம். கடற்கரை நடந்துபோகும் தூரம்தான். இரண்டு படுக்கையறை, 850 சதுர அடி. நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். பழைய வீட்டில் கடையில் எடுத்த கட்டில் மூன்றே வருடத்தில் ஊதிப் பிளந்துவிட்டது. பீரோவின் அடித்தகடு துருவேறி ஓட்டை. இப்போது சோபா செட், டைனிங் டேபிள், டிரெஸ்ஸிங் டேபிள், டிவி யூனிட், இரண்டு கட்டில், இரண்டு பீரோ எல்லாவற்றையும் ஒரே கடையில் தவணைக்கு எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். கையில் ரொக்கம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தவணைப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், சகோதரி. அந்த ஒரு வாரம் வெறும் வீட்டில் பாய் விரித்து இருந்து பாருங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், பிள்ளைகள் எங்கே எழுதுகிறார்கள், மாமியார் எதைப் பிடித்து எழுந்திருக்கிறார் என்று கவனியுங்கள். எங்கள் பட்டறையில் எதை வரைவதற்கு முன்னாலும் இதைத்தான் கேட்போம்: இது இல்லாவிட்டால் இந்த வீட்டில் யாருக்குக் கஷ்டம்? பதிலாக ஒரு ஆளின் பேர் வரவில்லையென்றால் அந்தச் சாமானைச் செய்ய மாட்டோம்.

குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. உங்கள் ஊரில் ஒவ்வொரு சாமானும் உப்புக்குப் போடும் தீனி. கடற்காற்றில் வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழைநாளில் சமையலறை உப்புக் கிண்ணம் கசிகிறதே, அதேதான். ராத்திரி முழுக்க உங்கள் பீரோ மெல்லிய உப்புத் தண்ணீர்ப் போர்வைக்குள் நிற்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அத்தனை காலம் பெயிண்ட் அடித்து அடித்துத்தான் காப்பாற்றினார்கள். அப்படியும் துருவின் காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவேண்டி வந்தது. துடைக்கக் கை எட்டாத சாமான் உங்கள் வீட்டில் நிலைக்காது.

போன மாதம் உச்சிப்புளியிலிருந்து ஒரு அலமாரிக் கதவு பட்டறைக்கு வந்தது. கீலைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினேன். ஸ்க்ரூவின் தலை மட்டும் கையோடு வந்தது. உடம்பு காப்பிப்பொடி மாதிரி உதிர்ந்தது. துளையைச் சுற்றி ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு மரம் கறுத்து, நகம் பட்டாலே பிய்ந்தது. தேக்கு நல்ல தேக்குதான். நாலு ரூபாய் இரும்பு ஸ்க்ரூ அதைக் கெடுத்திருந்தது.

அதனால் சாமானை எண்ணுவதோடு ஆணி, கீல், ஸ்க்ரூவையும் எண்ணுங்கள். ஒரு கட்டையில் துளை போட்டு, மற்றதன் முனையைக் கழுந்தாக (நாக்கு மாதிரி) செதுக்கி நுழைத்து, மர ஆணி அடித்த மூட்டுக்கு இரும்பே வேண்டாம். நம் பக்கத்து ஆசாரிகளுக்கு இது கைவந்த வேலை. கேட்க ஆளில்லாததால் செய்யாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். கீல் வேண்டிய இடத்தில் பித்தளை போடுங்கள். பித்தளை ஸ்க்ரூ மெத்தென்று இருக்கும், நேரடியாக முறுக்கினால் தலை உடையும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முறுக்கி வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடச் சொல்லுங்கள். ‘எஸ்.எஸ்.’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று விற்பதில் பலவகை உண்டு. மலிவானது 202, அடுத்தது 304, கடலோரத்துக்குப் பொருந்துவது 316. அதில் உப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் கலந்திருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டினால் நம்பிவிடாதீர்கள். 202-உம்தான் ஒட்டாது.

எளிமையான சாமானுக்கு எனக்கு வழிகாட்டி புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1937-இல் கட்ட ஆரம்பித்தது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வேலையை மேற்பார்த்தவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் உலகமே கொண்டாடிய மரத்தச்சர் அவர். அறைகளுக்கென்றே அளவெடுத்துத் தேக்கில் செய்த சாமான்கள், அளவோடுதான். கதவு, ஜன்னல் பொருத்திகளுக்கு ஆசிரமத்தில் சேர்ந்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். அதுவும் கடலோரக் கட்டடம்தான், இன்றைக்கும் ஆட்கள் தங்குகிறார்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

சோபா வேண்டாம். துணிக்கும் ஸ்பாஞ்சுக்கும் அடியில் என்ன மரம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதைப் பிடித்து நிற்பதும் பெரும்பாலும் இரும்புப் பின்கள். அதற்குப் பதில் ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் முதுகு சாயும் பெஞ்சு ஒன்று போடுங்கள். பகலில் நாலு பேர் உட்காரலாம், விருந்தாளி வந்தால் ராத்திரி படுக்கலாம். மேலே இலவம்பஞ்சு மெத்தை போட்டால் வெயிலில் காயப்போட்டு எடுக்க முடியும்.

டைனிங் டேபிளை எடுத்த எடுப்பில் தள்ளிவிட மாட்டேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடுதான் என்றாலும் மாமியாரால் அது முடியாது. நாலடிக்கு இரண்டரை அடியில் ஒரே ஒரு மேஜை போதும். அவருக்குச் சாப்பாடும், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமும், உங்களுக்கு இஸ்திரியும் அதிலேயே நடக்கும். கூடவே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று. கைப்பிடியை ஊன்றித்தான் முழங்கால் வலிக்காரர் எழ முடியும்.

டிவிக்குச் சுவரில் ஒரு பலகை போதும். கண்ணாடியும் சுவரில்தான். ஆனால் சுவரோடு ஒட்டாமல் விரற்கடை இடைவெளி விடுங்கள். ஈரம் தங்கினால் ரசம் ஓரத்திலிருந்து கறுக்கும்.

துணிமணிக்குச் சுவர் அலமாரியில் கடப்பா கல் தட்டு போட்டுவிடுங்கள். கல் ஊதாது, துருவேறாது. கதவு வைத்தால் காற்றுப் போகும் பட்டைக் கதவு. பிளைவுட்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை பலகையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் தாங்கவேண்டிய ரகம் அது. அறுத்த ஓரத்தை மூடாமல் விட்டால் அதுவும் வீண். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை உங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. ஊதிப்போன கட்டில் அதுவாகத்தான் இருக்கும்.

பீரோ, பத்திரத்துக்கும் நகைக்கும் ஒன்று போதும். அது அடியில் முதலில் ஓட்டையாவதற்குக் காற்றைவிட வீடு துடைக்கும் தண்ணீர்தான் காரணம். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், துடைத்துக் காய்ந்ததும் காலடியில் உப்பு மட்டும் மிஞ்சும். நாலு காலுக்கும் கடப்பா கல் துண்டு வையுங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஒரு சொம்புத் தண்ணி போதும்.

கட்டிலில்தான் பணத்தைப் போடவேண்டும். உங்களுக்கும் மாமியாருக்கும் தேக்கோ வேம்போ. வேம்பு மலிவு, பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் நன்றாகக் காய்ந்த மரமாக இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுக் கதவு, தூண் எல்லாம் விற்கிறார்கள். பல தலைமுறை காய்ந்த மரம், வாங்கி அறுக்கலாம். பிள்ளைகளுக்குப் பூவரசு கால் வைத்த பனைநார்க் கட்டிலைச் சொல்வேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. மட்டையில் கிழித்த நார், குறுக்கும் நெடுக்கும் பின்னல், அடியிலிருந்து காற்று. கோடையில் கரண்ட் போன ராத்திரி அதன் அருமை தெரியும். மூட்டைப்பூச்சி வந்தால் தூக்கி வெயிலில் போடலாம். தொய்ந்தால் நாரை இழுத்துக் கட்டவேண்டும், அந்த வேலை உண்டு. முதுகுவலிக்காரருக்கு மட்டும் வேண்டாம்.

மரத்துக்குப் பளபளப்பு வார்னிஷ் கேட்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாக ஈரம் உள்ளே போய்ப் படலமே உரியும். ஆளிவிதை எண்ணெயை வருடம் ஒருமுறை நீங்களே துணியால் தேய்க்கலாம். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், விரித்துக் காயப்போடுங்கள். சுருண்ட எண்ணெய்த்துணி தானாகவே தீப்பிடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யவேண்டாம். முதலில் கட்டில்களும் மாமியார் நாற்காலியும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்று பார்த்தபிறகு மேஜையும் பெஞ்சும். ஆசாரி நாற்காலிக்கு வாய்க்கணக்காகப் ‘பதினெட்டு இஞ்சு’ என்பார். மாமியாரைச் செருப்போடு ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு இஞ்சு கூட்டி வெட்டட்டும். உயரம் கூடிவிட்டால் பிறகு அறுத்துக்கொள்ளலாம்.